வெண்பனியின் ஓசை

செந்நதிக் கரை நாட்டின் மன்னர் மழைக்காலத்தில் இறந்துபோனார். துக்கம் கேட்கச் சீனச் சக்கரவர்த்தி ஒரு தூதரை அனுப்பியிருந்தார். தூதர் முத்திரையும் கொண்டுவந்திருந்தார். அதை அவர் கொடுத்தால்தான் இளவரசர் அரசராக முடியும்.

அதற்கு முன்னால் அவர் எதிரில் இரங்கற்பா வாசிக்க வேண்டும். சீன எழுத்தில், சீனக் கவிஞர்கள் எழுதுகிற மாதிரி. பிடித்துவிட்டால் இது நாகரிகம் அறிந்த நாடு. பிடிக்காவிட்டால் காட்டுமிராண்டிகளின் நாடு.

எழுதும் பொறுப்பு லூக்கிடம் வந்தது. காதோரம் நரைத்த அரசவைக் கவிஞன். எழுதி முடித்தபின் ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியது. மலைமேல் இருந்த மடத்துக்கு ஏறிப்போனான்.

அவனுடைய குரு துவே ஆன் அவனைவிட ஓரிரு வயது இளையவர். ஆனால் சீனத்தில் சில காலம் சுற்றியவர். தாழ்வாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். மழை வருகிற மாதிரி இருந்தது.

"குருவே, நம் நாட்டில் விழாத வெண்பனியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்."

"பார்த்திருக்கிறேன்."

"அது விழும்போது எப்படிச் சத்தம் வரும்? மழை மாதிரியா, ஆலங்கட்டி மாதிரியா?"

"எதற்கு?"

லூக் காகிதத்தை விரித்து வாசித்தான். அரண்மனைக் கூரையில் முத்துகள் சிதறுவதுபோல வெண்பனி விழுந்த ஓசையில், அரசி உறக்கம் இழந்தாள்.

குரு சிரித்தார்.

"முத்து சரியில்லையா? மணல் என்று மாற்றட்டுமா?"

"பலாக்கொட்டை என்று போடு."

"விளையாடாதீர்கள், குருவே. நாளைக் காலை தூதர் முன்னால் நிற்கப்போகிறவன் நான். ஒரு சொல் பிசகினால் இளவரசருக்கு முத்திரை இல்லை."

மழை பிடித்துக்கொண்டது. லூக் அவசரமாகக் காகிதத்தை உள்ளே இழுத்து, மார்போடு அணைத்துக்கொண்டான். வாழையிலைகள் படபடத்தன. கீழே குளத்தில் ஒரு தவளை தொடங்கியது. பிறகு எல்லாம்.

"மன்னர் போனபோது நீ பக்கத்தில் இருந்தாயா?" என்று குரு கேட்டார்.

"இருந்தேன்."

"என்ன சத்தம்?"

லூக் யோசித்தான். "இதேதான். மழை. அந்தி நேரம். குளத்துத் தவளைகள் காதைப் பிளந்தன. அரசி சேவகர்களைக் கூப்பிட்டு, அவற்றை விரட்டுங்கள், அவர் மூச்சு கேட்கவில்லை என்றார். கம்பும் கையுமாகக் குளத்தில் இறங்கினார்கள். அடித்து விரட்டினால் நின்றுவிடுமா?" அவன் குரல் தாழ்ந்தது. "நான் அவர் வாயருகே காதை வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு எப்போது நின்றது என்றே தெரியவில்லை."

குரு ஒரு கொட்டையை உரித்து அவனிடம் நீட்டினார்.

"இது பாட்டில் எங்கே இருக்கிறது?"

"தவளையா? இரங்கற்பாவிலா? தூதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சீனத்தில் யார் எழுதினாலும் அரசர் சாகும்போது வெண்பனிதான் விழும்."

"ஓ."

"நீங்கள் சத்தத்தை மட்டும் சொல்லுங்கள். நான் போய்விடுகிறேன்."

துவே ஆன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலை, குளம், வாழை எல்லாம் வெளுத்து ஒன்றாகிக்கொண்டிருந்தன.

"அங்கே ஒரு மடத்தில் இருந்தேன்" என்றார். "வெண்பனி விழுகிறது என்றார்கள். நானும் உன்னைப்போலத்தான். அந்த ஓசையைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. வெளியே போய் நின்றேன். வானம் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. கூரைமேல், மரத்தின்மேல், என் தோள்மேல். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்."

"கேட்டதா?"

"கேட்டது."

லூக் பைக்குள் கைவிட்டுத் தூரிகையை எடுத்தான். காகிதத்தை முன்னால் விரித்தான். "என்ன கேட்டது?"

"அந்த நிசப்தத்தில்? நம் ஊர்த் தவளைகள்."

காற்று திரும்பியது. சாரல் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டு, முதல் எழுத்தைக் கரைத்தது. லூக் அதை உள்ளே இழுக்கவில்லை.