தலையாட்டி காத்த வளை

ஒரு காட்டில் மரத்தைவிட மணல்தான் அதிகம். காடு என்றதும் அருவியையும் அடர்ந்த சோலையையும் நினைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகளே! இது தேரிக்காடு. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை செக்கச்செவேலென்று மணல் மேடுகள். நடுநடுவே நாலு பனை, கொஞ்சம் உடை என்னும் முள்மரம். அவ்வளவுதான்.

அந்த மணலுக்கு அடியில் வளையன் என்னும் வெள்ளெலி தன் மனைவி கூர்மூக்கியோடும் குட்டிகளோடும் குடியிருந்தது. அதன் வளைக்கு மூன்று வாசல். தானியம் சேர்க்க ஓர் அறை, படுக்க ஓர் அறை, கூர்மூக்கி கோபமாக இருக்கும்போது வளையன் போய் ஒதுங்கிக்கொள்ள ஓர் அறை. மூன்றாவது அறைதான் அதிகம் புழங்கியது.

கோடை வந்துவிட்டால் தேரியில் யாரும் இருக்க முடியாது. மணல் வாணலிபோலக் காயும். கொறிக்க ஒரு விதை கிடைக்காது. அதனால் எல்லாரும் வளையை மூடிவிட்டுக் குளத்தங்கரைக்குப் போய்விடுவார்கள். மழை விழுந்த பிறகுதான் திரும்புவார்கள்.

அந்த வருடமும் கூர்மூக்கி விடிந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டது. பூச்சி அடையாமலிருக்கப் பழைய படுக்கைப் புல்லை வாரி வெளியே கொட்டியது. தானிய அறையின் வாயை மண்ணால் பூசியது. பிறகு வளையனைப் பார்த்து, "போய் முள் கொண்டுவாருங்கள். மூன்று வாசலையும் அடைத்து, மேலே மணலைத் தள்ளி, வாலால் தடவிவிட வேண்டும். இங்கே ஒரு வளை இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது. பாம்புகள் காலி வளை தேடி அலைகிற காலம்" என்றது.

முள் சுமந்தால் வளையனுக்கு முதுகு வலிக்கும். சுமப்பதற்கு முன்பே வலிக்கும்.

"முள்ளும் வேண்டாம், மணலும் வேண்டாம். திரும்பி வந்து அதையெல்லாம் தோண்டுவது யார்? காவலுக்கு ஆள் வைத்துவிட்டால் போயிற்று" என்றது.

"யாரை வைப்பீர்கள்?"

"நம் தலையாட்டியைத்தான்!"

தலையாட்டி என்பது எதிரே உள்ள உடைமரத்து ஓணான். வளையனுக்கு அதை ரொம்பப் பிடிக்கும். "உலகத்திலேயே என் வளைபோல ஒரு வளை உண்டா, அண்ணே?" என்று வளையன் கேட்டால் அது தலையாட்டும். "என் அறிவை என் வீட்டில் யாராவது மதிக்கிறார்களா?" என்று அலுத்துக்கொண்டாலும் தலையாட்டும். வளையன் சொல்வதை மறுத்துப் பேசாத ஒரே ஜீவன் அந்தத் தேரியில் அதுதான்.

"அது எதற்கும் தலையாட்டும். நம்பாதீர்கள்" என்றது கூர்மூக்கி.

"என் அருமை தெரிந்து ஆட்டுகிறது. உனக்குப் பொறாமை!" என்று சொல்லிவிட்டு, வளையன் உடைமரத்தடிக்கு ஓடியது.

"அண்ணே, நாங்கள் வரும்வரை எங்கள் வாசலைப் பார்த்துக்கொள்வீர்களா?"

ஓணான் தலையாட்டியது.

"பாம்பு கீம்பு வந்தால் விரட்டிவிடுவீர்களா?"

ஓணான் இரண்டு தரம் தலையாட்டியது. வளையன் பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தது.

கூர்மூக்கி தானே முள்ளை இழுத்து வந்து, பின்வாசல்கள் இரண்டையும் அடைத்து மூடியது. பெரிய வாசலை அடைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. குட்டிகள் கால் சுடுகிறது என்று அழத் தொடங்கின. வாசலைத் திறந்தபடி போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

குளத்தங்கரையில் வளையனுக்கு நல்ல தூக்கம். அக்கம்பக்கத்து எலிகளிடம், "நீங்களெல்லாம் மண்ணைத் தள்ளி வளையை மூடிவிட்டு வந்திருப்பீர்கள். நான் ஆள் போட்டு வந்திருக்கிறேன்!" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

ஒருநாள் மழை கொட்டியது. எல்லாரும் தேரிக்குத் திரும்பினார்கள். வளை கண்ணில் பட்டதும் கடைக்குட்டி "வீடு! வீடு!" என்று கத்திக்கொண்டு வாசலை நோக்கிப் பாய்ந்தது. கூர்மூக்கி தாவிப் போய் அதன் வாலைப் பிடித்து இழுத்தது.

"உள்ளே போகாதே! வாடை சரியில்லை."

"மழை வாடை" என்று சிரித்தது வளையன். "இரு, அண்ணனையே கேட்டுவிடுகிறேன். அண்ணே, எங்கள் வளைக்குள் யாரும் போகவில்லையே?"

ஓணான் தலையாட்டியது.

"கேட்டாயா?" என்றது வளையன்.

கூர்மூக்கி முன்னால் வந்தது. "அண்ணே, உள்ளே பாம்பு இருக்கிறதா?"

ஓணான் தலையாட்டியது.

வளையனுக்கு முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டது. "இல்லை... பாம்பு இல்லைதானே, அண்ணே?"

அதற்கும் தலையாட்டியது.

"யானை ஒன்று உள்ளே போய்ப் படுத்திருக்கிறதா?" என்று கேட்டது கூர்மூக்கி.

ஓணான் இன்னும் பலமாகத் தலையாட்டியது.

வளையன் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "அப்படியானால், என் வளைபோல உலகத்தில் வளையே இல்லை என்று இத்தனை நாளாய் அது ஆட்டியதெல்லாம்..." என்று முனகியது.

"அந்தக் கவலையைப் பிறகு படலாம்" என்றது கூர்மூக்கி. மேற்கே மேகம் கறுத்து வந்தது. பொழுது சாய்ந்தால் ஆந்தைகள் கிளம்பிவிடும். குட்டிகளோடு வெளியே இருக்க முடியாது. கூர்மூக்கி எல்லாரையும் உடைமரத்துக்குப் பின்னால் ஒளியவைத்தது. பிறகு வளையனின் காதில் ஏதோ சொன்னது.

"நானா? கத்தவா?" என்று நடுங்கியது வளையன்.

"பெருமை பேசின தொண்டைதானே? இதற்கும் கொஞ்சம் உதவட்டும்."

வளையன் முதலில் கத்தியபோது 'கீச்' என்றுதான் வந்தது. மறுபடியும் பலமாகக் கத்தியது. "கீரி அண்ணே, வாருங்கள், வாருங்கள்! இதுதான் நான் சொன்ன வளை!"

வளைக்குள் 'சர சர'வென்று சத்தம். மெல்ல ஒரு தலை வெளியே நீண்டது. பெரிய நல்லபாம்பு!

பாம்பு நாலு பக்கமும் பார்த்தது. யாரும் தெரியவில்லை. மரத்தில் ஓணான் மட்டும் உட்கார்ந்திருந்தது.

"ஓணான் தம்பி, கீரி வந்திருக்கிறதா என்ன?" என்று கேட்டது.

ஓணான் தலையாட்டியது.

"ஐயோ! பெரிய கீரியா?"

தலையாட்டியது.

"நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இங்கே குடிவரட்டுமா என்று நான் கேட்டபோதுகூட எவ்வளவு மரியாதையாகத் தலையாட்டினாய்! கிழக்கே ஓடினால் தப்பிக்கலாமா, தம்பி?"

ஓணான் தலையாட்டி முடிப்பதற்குள் பாம்பு மணலைக் கிழித்துக்கொண்டு கிழக்கே பறந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அது தலைகாட்டவே இல்லை.

குட்டிகள் குதித்துக் கும்மாளமிட்டன. வளையன் மட்டும் மார்பை நிமிர்த்திக்கொண்டு மரத்தடிக்குப் போனது.

"உன்னை நம்பி வாசலை விட்டுப்போனேனே! நீ செய்தது சரியா?" என்று கேட்டது.

ஓணான் தலையாட்டியது.

"என்ன திமிர்! தவறு என்று உனக்கே தெரியவில்லையா?"

அதற்கும் தலையாட்டியது.

அதற்குள் வளைக்குள்ளிருந்து கூர்மூக்கியின் குரல் கேட்டது. "பாம்பு தன் சட்டையை நம் படுக்கை அறையிலேயே உரித்துப் போட்டிருக்கிறது. வந்து வெளியே இழுத்துப் போடுகிறீர்களா?"

வளையன் தலையாட்டப் போனது. சட்டென்று நிறுத்திக்கொண்டு, உள்ளே ஓடிப்போய் வேலையைப் பார்த்தது.

நீதி: எல்லாருக்கும் தலையாட்டுபவன் எவருக்கும் காவலாகமாட்டான்.