நடுகல் குடித்த தேறல்

கடல் இப்போதிருக்கும் இடத்துக்கு இன்னும் வந்து சேராத காலத்தில், கொற்கோடு என்ற நாட்டை மழவரையன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் காக்கைகூட அரண்மனைக்கு மேலே வராமல் சுற்றிக்கொண்டுதான் பறக்கும். இனிப்பைக் கண்டால் மட்டும் குழந்தை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆடி மாதம் முழுக்கத் தினமும் உச்சிவெயிலில், அவரவர் நிழல் அவரவர் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும் நேரத்தில், மழவரையனின் அப்பா, செத்துப்போன பெரிய ராஜாவின் உருவம் செதுக்கிய நடுகல்லுக்கு உப்புக்கண்டக் கறியும் ஒரு கிண்ணம் யவனத் தேறலும் படைப்பார்கள். வற்றக் காய்ந்த திராட்சையைப் பிழிந்து கப்பலில் வரும் சரக்கு அது. தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு தித்திப்பு. கல் படையலைப் பார்த்து முடித்ததும், அதைத் தின்று கிண்ணத்தைக் குடிப்பது மகன் கடமை.

தேறலைச் சுவைபார்த்து, எந்தச் சாடிக்கு எந்தப் பண்டம் பொருந்தும் என்று சொல்கிறவர் கீரந்தை. பெரிய ராஜாவும் அவரும் இருபது வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்பது ஈக்குக்கூடத் தெரியாது.

பண்டகசாலை அதிகாரி வல்லங்கிழாருக்கு வயிறு எரிந்தது. "நாக்கை நீட்டிப் பிழைக்கிறவன் ராஜாவுக்கு வலப்பக்கம், நான் தூணுக்குப் பின்னாலா?" என்று, அந்த ஆடியில் படையல் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "பெரிய ராஜாவுக்கு வெறும் உப்புக்கண்டமா? மானம் போகிறது!" பாகில் ஊறிய அதிரசம், தேனில் மிதக்கும் பலாச்சுளை, கருப்பட்டி உருண்டை என்று பன்னிரண்டு தினுசை அடுக்கினார்.

ராஜா ஆறு அதிரசத்தை உள்ளே தள்ளிவிட்டுக் கிண்ணத்தை வாயில் வைத்தான். முகம் கோணியது. புளித்த தண்ணீர்! மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காற்று நின்றுவிட்டது. ஒரு பனையோலைகூட அசையவில்லை. ராஜா கல்லைப் பார்த்தான். செதுக்கிய உதடு ஈரமாக இருந்தது.

"அப்பா தித்திப்பை உறிஞ்சிவிட்டுச் சக்கையை எனக்கு விடுகிறார்," என்றான்.

வல்லங்கிழார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "குடிக்கத் துணையில்லை அவருக்கு. பழைய ஆளைக் கேட்கிறார், அரசே. கீரந்தையை ஒரு சாடியோடு தாழியில் இறக்கிப் புதைத்தால் தித்திப்பு திரும்பிவிடும்."

"உயிரோடா?"

"செத்த நாக்கு சுவை பார்க்குமா, அரசே?"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

குயவர் வந்தார். கீரந்தையை முழங்கால் மடக்கி உட்காரவைத்துக் கயிற்றால் அளந்தார். "கொஞ்சம் குனியுங்க. கழுத்து இடிக்கும்."

"தாழி வாயை அகலமா வையுமய்யா. சாடியும் நானும் சேர்ந்து இறங்கணும்."

தாழி வெந்து கல்லுக்கு முன்னால் வந்த அன்று, ராஜா பார்த்திருக்க, கீரந்தை அதற்குள் எட்டிப் பார்த்தார். அவர் விட்ட மூச்சு, உள்ளே வேறு யாரோ விடுவதுபோல் திரும்பி வந்தது. காலையில் வெறும் வாயில் சுவைபார்த்தபோது தேறல் தேனாகத்தானே இருந்தது? கல்லுக்கு முன்னால் வந்ததும் ஏன் புளிக்கிறது? அப்போதுதான் அவர் கண் படையலுக்கு வைத்திருந்த அதிரசத் தட்டில் நின்றது.

"இறங்குகிறேன், அரசே. போகிற இடத்தில் தேறல் எப்படி என்று பெரியவர் கேட்பார். நீங்களும் வல்லங்கிழாரும் ஒரே கிண்ணத்தில் குடித்துச் சொல்லி அனுப்புங்கள்." அதிகாரிக்கு அதிரசம் நீட்டினார், ராஜாவுக்கு ஒரு துண்டு உப்புக்கண்டம்.

வல்லங்கிழார் மென்றார், குடித்தார். "புளிப்பு! உறிஞ்சிவிட்டார்!"

ராஜா மென்றான், குடித்தான். கண் விரிந்தது. "தேன்!"

"புளிப்பு, அரசே!"

"என் நாக்கு பொய் சொல்கிறதா?"

"ஐயோ! தேன்தான், தேன்தான்!"

"இப்போதுதானே புளிப்பு என்றீர்?"

கீரந்தை இருவரையும் வாய் கொப்பளிக்கச் சொல்லித் தட்டுகளை மாற்றினார். இப்போது ராஜாவுக்குப் புளித்தது. வல்லங்கிழாருக்குத் தித்தித்தது, கிண்ணத்தைக் கடைசிச் சொட்டுவரை வழித்துவிட்டார்.

"தேறலைவிடத் தித்திப்பானதை முன்னால் தின்றால், தேறல் தோற்றுப்போகும், அரசே. உப்பைத் தின்றால் ஜெயிக்கும். உறிஞ்சியது உங்கள் அப்பா இல்லை. இவருடைய பன்னிரண்டு தினுசு."

ராஜா சிரித்த சிரிப்பில் பனங்காய் உதிர்ந்தது. மோதிரத்தைக் கழற்றிக் கீரந்தைக்குப் போட்டான். "வல்லங்கிழாரே, அப்பாவுக்குத் துணை வேண்டும் என்றீரே? இன்று உச்சிப்பொழுது முழுக்க நீரே கல்லுக்கு எதிரே இந்தத் தாழியில் உட்காரும்."

கீரந்தையின் அளவுக்குச் செய்த தாழி. நாலு பேர் அழுத்தி இறக்கினார்கள். கை இரண்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. தலை மட்டும் வெளியே. எதிரே உப்புக்கண்டமும் நிறைந்த கிண்ணமும் வைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போனார்கள்.

வெயில் சாய்ந்ததும் வந்து பார்த்தார்கள். வல்லங்கிழாரின் குடுமி பஞ்சாய் வெளுத்திருந்தது. கிண்ணம் காலி. நக்கித் துடைத்ததுபோல் உலர்ந்து கிடந்தது.

"யார் குடித்தது?" என்றான் ராஜா.

வல்லங்கிழார் கீரந்தையை மட்டும் பார்த்தார். "பெரியவர் உம்மிடம் சொல்லச் சொன்னார். 'அடே கீரந்தை, கண்டத்துல உப்பு பத்தலடா'ன்னு."

சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கீரந்தை சிரிக்கவில்லை. சாத்திய கதவுக்குள் இருபது வருஷமும் ஒருநாள் தவறாமல் அவர் கேட்ட பேச்சு அது.

மறுநாள் படையலில் ஒரு பிடி உப்பு கூடுதலாக வைத்தார்.