நீல விளக்கின் இருபது நொடி

“என் கைராசி போயிடுச்சு, மேடம்” என்றார் தணிகாசலம்.

ஐம்பத்தாறு வயதுப் பல் டாக்டர். கைராசிக்காரர் என்று ஊரே மெச்சும் மனிதர், தன்னைவிட இருபது வயது இளைய நஸீமாவின் முன்னால் பரீட்சையில் தோற்றவரைப் போல நின்றார். நஸீமா பல் மருத்துவக் கல்லூரியில் பல் அடைக்கும் பசைகளைப் பற்றிப் பாடம் எடுப்பவர்.

“என்ன ஆச்சு, டாக்டர்?”

“ஒரே மாசத்துல மூணு பேருக்கு அடைச்சது உடைஞ்சு வந்துடுச்சு. மூணாவது என் சம்சாரம். காரணம் தெரியலேன்னா கிளினிக்கை மூடிடுவேன்.”

நஸீமா எழுந்து போய் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். பட்டப்பகலில் அறை இருண்டது.

மேசையில் ஒரு ரப்பர் தலை இருந்தது. மாணவர்கள் கை பழகுவதற்கானது. கண் கிடையாது, வாய் மட்டும் உண்டு. அந்த வாயில் பொருத்தியிருந்ததோ யாரோ ஒருவருடைய நிஜப் பல்.

“அடைங்க.”

தணிகாசலம் தான் கொண்டுவந்திருந்த பசையைப் பல்லின் குழியில் வைத்து அழுத்தினார். தன் நீல விளக்கைப் பிடித்தார். அந்த வெளிச்சம் இருபது நொடி பட்டால்தான் பசை இறுகும். ரப்பர் கன்னம் உள்ளிருந்து நீலமாக ஒளிர்ந்தது. வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விளக்கு ‘பீப்’ என்றது. ஊசியால் தட்டிப் பார்த்தார். நல்ல கெட்டி.

நஸீமா பல்லைக் கழற்றி இரண்டாகப் பிளந்தார். அடைத்ததன் அடியைப் பிளேடால் சுரண்டினார். மெழுகு போல வழித்துக்கொண்டு வந்தது.

“விளக்கு பழசா?”

“புதுசு. காலையிலதான் அளந்து பார்த்தேன்.”

“அப்போ பசை?”

“பசையும் நல்லதுதான்.”

நஸீமா வேறொரு பல்லைப் பொருத்தினார். ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்றை நீட்டினார்.

“இந்தத் தடவை சுவரைப் பார்க்காதீங்க.”

“கண்ணு கூசுமேன்னுதான்...”

“இதைப் போட்டுக்கிட்டா கூசாது.”

பார்த்தார்.

பல்லை ஒட்டியிருந்த விளக்கின் முனை மெல்ல விலகியது. நெல்மணி அளவு. பிறகு ஒரு விரல் அளவு. விலக விலகக் குழியின் அடியில் நீலம் மங்கியது. அவர் வேண்டுமென்று கையை அசைக்கவில்லை. அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டுவந்து மறுபடி ஒட்டிவைத்தார். மறுபடியும் கிளம்பியது.

“யாரோ இழுக்கறாங்க, மேடம்.”

“யாரும் இழுக்கலை. உங்க கைதான் பழக்கத்துல விலகுது. எத்தனை வருஷமா சுவரைப் பார்க்கறீங்க?”

“இருபது.”

நஸீமா திரைகளை விலக்கினார்.

தணிகாசலம் வெயிலில் சற்று நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளினிக்கில் இருந்த உதவியாளருக்குப் போன் செய்தார்.

“எஸ்தர், இந்த இருபது வருஷத்துல நாம பல் அடைச்சவங்க நம்பரையெல்லாம் எடும்மா. வரச் சொல்லணும்.”

“உடைஞ்சு வந்தாங்களே, அந்த மூணு பேரையா சார்?”

“இல்லம்மா. திரும்பி வராதவங்களை.”