தரைப் பெட்டியா, சுவர்ப் பெட்டியா?

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். ஆகவே காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. மேலே அருள்சீலன், அவன் மனைவி பெனிட்டா, பத்து மாதப் பிள்ளை நெவின். கீழே அருள்சீலனின் அக்கா ஹில்டா. மாடிக் கூடத்தில் பழைய ஹோம் தியேட்டர் ஒன்று தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. அடித்தொனியை முழக்கும் அதன் ஊஃபர் பெட்டி அரிசி டிரம் பருமன். அது முழங்கினால் கீழ்வீட்டில் ஹில்டாவின் பாத்திர அலமாரி கலகலக்கும்.

அருள்சீலன் ஒரு சவுண்ட்பார் வாங்கி வந்தான். ஒல்லியாக, சுவரில் மாட்டுவது. பேசினாலும் பாடினாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. ஹில்டாவுக்குப் பரம திருப்தி. பழையதைக் கழித்துவிடலாம் என்று அக்காவும் தம்பியும் முடிவுகட்ட, பெனிட்டா மட்டும் கூடாதென்றாள். ஏனென்று கேட்டால், பழையதில்தான் பாட்டு நன்றாக இருக்கிறதாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டி இரைகிறதென்று குறைப்பட்டவளும் அவளேதான்.

"பழசுக்கு வக்காலத்து வாங்க வீட்டுலயே ஒரு வக்கீல்," என்றாள் ஹில்டா.

பெனிட்டாவுக்கு முகம் சுட்டது. முந்தின வாரம், பக்கத்திலேயே குக்கர் விசிலடித்தும் தொட்டிலில் நெவின் அசையவில்லை. என்ன சமத்து என்று ஹில்டா மெச்சினாள். பெனிட்டாவும் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு உள்ளுக்குள் பயம். பிள்ளை திரும்பிப் பார்ப்பது அந்தத் தரைப் பெட்டிக்கு மட்டும்தான். அதுவும் போய்விட்டால் எல்லார் கண்ணிலும் பட்டுவிடுமே, நீ பெற்றது இப்படியா என்று ஒரு சொல் வந்துவிடுமே என்று நடுங்கினாள்.

சின்னவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அருள்சீலன் விளையாட்டாக ஆரம்பித்தான். பிள்ளையை வெறுந்தரையில், பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். சுவரில் சவுண்ட்பார் பாடியது. நெவின் திரும்பாமல் பொம்மையைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு பழையது முழங்கியது. தலை திரும்பியது; வாயெல்லாம் சிரிப்பு; உள்ளங்கையால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஹில்டா விடுவதாயில்லை. பிள்ளையை வாரி எடுத்து, சோபாவில் சாய்ந்து மடியில் இருத்திக்கொண்டு, அதே பழையதை இன்னொரு தரம் போடச் சொன்னாள். இம்முறை அவன் அவள் சங்கிலியோடு விளையாடினானே தவிர, திரும்பவில்லை.

"அவனுக்குத் தூக்கம் வந்துட்டு, மதினி," என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள் பெனிட்டா.

புதியது கடைக்கே திரும்பியது. வருகிறவர்களிடமெல்லாம் மகனின் ரசனையைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தான் அருள்சீலன். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் பெனிட்டா அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். தரையில் இருந்து திரும்பிய பிள்ளை, மடியில் இருந்து ஏன் திரும்பவில்லை? விளையாட்டாகச் சோதித்த தகப்பன், விடாமல் சோதித்த அத்தை, தூக்கம் என்று சொன்ன தாய், இந்த மூவரில் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: நெவின் திரும்பியது தரையின் அதிர்வுக்கு. வெறுந்தரையில் அது உடம்பில் ஏறியது. அத்தை மடிக்கு ஏறவில்லை. தகப்பனும் அத்தையும் தெரியாமல் சோதித்தவர்கள். பிள்ளைக்குக் காது கேளாததும் யாருக்கும் வெட்கமல்ல. தெரிந்தும் தூக்கம் என்றாளே, வெட்கம் அந்தச் சொல்லில் இருக்கிறது. வைத்தியம் பார்க்க வேண்டிய நாட்களை அவள் பாட்டுப் போட்டே கழித்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகள் முன்னால் மகனைத் தரையில் உட்கார வைத்துவிட்டு அருள்சீலன் பெட்டியிடம் போனபோது, அவளே எழுந்து சுவிட்சை அணைத்தாள். இந்தப் பாட்டு அவனுக்குப் பிடிக்காதா என்று கேட்டான் அவன்.

"பாட்டுன்னு ஒண்ணு இருக்கிறதே அவனுக்குத் தெரியாதுங்க," என்றாள்.