உலை வைக்காத வீட்டு அரிசி

பவானி ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அதற்குத் தலைவியாக இருந்தவரை எல்லோரும் அம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்த சென்னியப்பனுக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் மண்டியைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு மடமே கதி என்று வந்துபோகிறவர். தன்னைவிட இளைய பெண்பிள்ளை முன்னால் கைகட்டி நிற்கிறாரே என்று ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். அவருக்கு அது உறைக்கவில்லை. அம்மை அவரை அண்ணா என்பார், அவர் அம்மையை அம்மை என்பார்.

ஒரு அமாவாசைக் காலையில் அவர் கேட்டார்.

"அம்மை, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"அரிசி, கோதுமை, ராகி, எதையும் தொடாம, முட்டை, கறி, வெண்ணெய், தேங்காய்னு கொழுப்பையே தின்னு வாழறது உடம்புக்கு நெசமாலுமே நல்லதுங்களா?"

அம்மை பெரிய அண்டாவைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"சக்கரை எறங்கிருச்சுன்னு சிரிச்சார். கெட்ட கொழுப்பு ஏறியிருக்குன்னு மொகத்தைச் சுளிச்சார். கொஞ்ச நாள் பாக்கலாமுன்னு அனுப்பிப்போட்டார்."

"அப்புறம்?"

"போன்ல எங்க சாப்பாட்டுக் குழுவுல இருக்கறவங்க அரிசிதான் வெசம்ங்கறாங்க. என் மச்சினன் நெஞ்சு அடைச்சுக்கும்ங்கறான். யாரை நம்பறதுன்னு தெரியலீங்க."

"ரத்தத்தைப் பாக்கறவர் டாக்டர். அதை அவர்கிட்டத்தான் கேக்கோணும். எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

சென்னியப்பன் தூணைச் சுரண்டினார். அம்மையும் அவசரப்படவில்லை.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலில் பாதத்தையே எடுத்தார்கள். வெட்டி எடுத்த பிறகும் அந்த மனிதர் இல்லாத பாதம் அரிக்கிறது என்று கட்டிலில் கிடந்து அரற்றியதை மகன் பார்த்திருக்கிறார். அதனால் தனக்கும் சர்க்கரை என்று தெரிந்த அன்றே அரிசியை விட்டார். விட்டவர் விட்டவர்தான். காலையில் வெண்ணெய் போட்ட காப்பி. பதினொன்றுக்கு நெய்யில் பொரித்த முட்டை. சாயங்காலம் கறியோ பன்னீரோ. எல்லாவற்றையும் சின்னத் தராசில் நிறுத்து, படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். தொப்பை கரைந்தது. பழைய கால்சட்டைகளை எல்லாம் தையல்காரர் பிடித்துக் கொடுத்தார். ஊரே மெச்சியது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மனசு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"ஏக்கமா இருக்குதுங்க அம்மை" என்றார் கடைசியில். அந்த வயதில் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "அரிசியும் பருப்பும் பொங்கற வாசம். என்ற வீட்டுக்காரி வசந்தா பொங்குனா பூண்டும் சின்ன வெங்காயமும் வதங்கறப்பவே தெருமுக்குல தெரியும். சுடச்சுடப் போட்டு, குழி பறிச்சு நெய் ஊத்துவாளுங்க. இப்ப என்ற வீட்டுல நெய்க்குப் பஞ்சமில்லீங்க. ஊத்தறதுக்குத்தான் சோறு இல்லை."

அம்மை சிரித்துவிட்டார். சென்னியப்பனும் சிரித்தார். ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை.

"போன வாரம் கல்யாண மண்டபத்துப் பின்னாடி வண்டியை நிறுத்திட்டுச் சும்மா நின்னேனுங்க. சமையக்கட்டு சன்னல் அந்தப் பக்கம். யாரோ என்னத் தேடறீங்கன்னு கேட்டாங்க. வண்டிச் சாவின்னு சொல்லிப்போட்டேன்."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"வசந்தாங்களா? அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கறா."

"மத்தியானம் என்ன சாப்பிடறாங்க?"

"அவளுக்கென்னங்க, வழக்கம் போலத்தான்."

அம்மை அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"சரி. அந்தப் பைகளை எல்லாம் கொஞ்சம் எடுத்தாங்க. அரிசியைக் கொட்டிரலாம்."

அமாவாசைதோறும் மடத்தில் ஊருக்குச் சோறு போடுவார்கள். அதற்கு அரிசி வருவது பிடியரிசியாக. வீட்டில் உலை வைக்கும் ஒவ்வொரு முறையும், பானையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு போசிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள் பெண்கள். அமாவாசையன்று விடிந்ததும் அதைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். புழுங்கலும் பச்சையும், மோட்டாவும் சன்னமும் கலந்து வேகும் அந்தச் சோற்றுக்கு ஒரு தனி ருசி உண்டு. சென்னியப்பன் அதையும் விட்டு ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. பந்தியில் பரிமாறுவார். உட்கார மாட்டார்.

ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுத்தார். எல்லாம் கைக்கு அடக்கமான பைகள். அம்மை வாங்கி வாங்கி முறத்தில் கொட்டினார். ஒரு பையைத் தூக்கும்போது மட்டும் சென்னியப்பனின் தோள் சாய்ந்தது.

"யாரு வீட்டுதுங்க இது? கூட்டுக்குடும்பமாட்ட இருக்குது. மருமகளுகளெல்லாம் ஒண்ணா உலை வைக்கறாங்க போல."

"அவுத்துப் பாருங்க."

பையின் வாயைக் கட்டியிருந்தது ஒரு சேலைக் கரை. கத்தரிப்பூ நிறம். அதைக் கையில் பிடித்தவர் அவிழ்க்காமல் நின்றார். மகள் கல்யாணத்துக்கு ஈரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி அவரே எடுத்த சேலை அது. நைந்து கிழிந்த பிறகும் வசந்தாமணி அதைத் தூக்கிப் போடவில்லை. கரையை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மூட்டை கட்டவும் கொடி கட்டவும் புழங்குவாள்.

"இது எங்க வீட்டுதுங்க."

"ஆமாங்கண்ணா."

"இத்தனை அரிசியா?"

"ஒரு வருசமா கொஞ்சங் கொஞ்சமா ஏறிட்டு வருது. இந்தத் தடவை ரொம்ப."

சென்னியப்பன் பையைத் தரையில் வைத்தார். உள்ளே கைவிட்டு அரிசியை அள்ளினார். விரல் இடுக்கில் அது வழிந்தது. தொட்டே எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தார். அதற்குப் பிறகுதான் மற்றது மண்டையில் ஏறியது.

"இவ்வளவும் இங்க வந்துருச்சுன்னா, வீட்டுல என்னத்தப் பொங்குனா?"

"அதைத்தான் நானும் உங்ககிட்டக் கேட்டேன். வழக்கம் போலன்னு சொன்னீங்க."

அவருக்குத் தான் தின்றது நேற்று எத்தனை கிராம், முந்தாநாள் எத்தனை கிராம் என்பது மனப்பாடம். மனைவி நேற்று மத்தியானம் என்ன தின்றாள் என்று யோசித்தார். எதுவும் வரவில்லை. அதற்கு முந்தின நாளும் வரவில்லை. அவர் பதினொரு மணிக்குப் போனும் தட்டுமாக உட்கார்ந்துகொள்வார். அவள் கொல்லையில் துணி துவைக்கும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

அம்மை குனிந்து பையை எடுத்துக் கரையை மறுபடி இறுகக் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

"கொண்டு போயிருங்க."

"மடத்துக்குக் கொடுத்ததுங்களே, அம்மை."

"உலை வைக்காத வீட்டு அரிசியை மடம் வாங்கறதில்லீங்கண்ணா."

வண்டியின் முன்னால் பையை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். வசந்தாமணி சமையலறை வாசப்படியில் உட்கார்ந்து டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஏனுங்க, இதை எதுக்குத் திருப்பிக் கொண்டாந்தீங்க?"

"இதுதான் உனக்கு மத்தியானச் சாப்பாடா?"

அவள் டம்ளரைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"பசிக்கலைங்க."

"எத்தனை நாளா பசிக்கலை?"

"ஒத்த ஆளுக்கு என்னத்தைங்க ஒலை வெக்கறது? தெனமும் எடுக்கறப்ப பழக்கத்துல கை ரெண்டு பேருக்குத்தான் எடுக்குது. உங்க பங்கைப் போசியில போடுவேன். மிச்சத்தைப் பார்த்தா அடுப்புப் பத்த வெக்கவே தோணாது. அதையும் போட்டுருவேன்."

"நீ திங்கறதுக்கு என்ன வந்தது? விட்டது நாந்தான்."

வசந்தாமணி அவரை நேராகப் பார்த்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க. ஆரம்பத்துல ஒரு நா, குக்கர் சத்தம் வந்ததும் எந்திரிச்சு வெளிய போனீங்க. வந்து, அந்த வாசம் என்னைக் கொல்லுது வசந்தா, எம்முன்னாடி பொங்காதேன்னீங்க. நீங்க எப்ப வெளிய போவீங்க, எப்ப வருவீங்கன்னு பாத்துட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சா பொங்க முடியும்? பாவம், ஏங்கிப் போயிருவீங்கன்னு விட்டுட்டேன்."

அவருக்கு அப்படிச் சொன்னது நினைவே இல்லை. யோசிக்க யோசிக்க நினைவு வந்தது. ஏதோ எரிச்சலில் சொன்ன ஒரு சொல். அதன் மேல் அவள் ஒரு வருசத்தைக் கட்டி வைத்திருக்கிறாள்.

"ஒலை வை" என்றார்.

"யாருக்கு?"

"உனக்கு. அரிசியும் பருப்பும் பொங்கு."

"வாசம் வருமுங்க."

"வரட்டும்."

வெங்காயம் உரிக்க அவரே உட்கார்ந்தார். பூண்டு வதங்கிய வாசம் பரவியது. எழுந்து போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோறு வெந்ததும் அவள் தட்டில் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் தன் முட்டைத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று தராசை எடுக்கவில்லை. படமும் பிடிக்கவில்லை. அவளுடைய சோற்றில் குழி பறித்து நெய்யை ஊற்றினார்.

"போதுங்க, போதுங்க" என்றாள் அவள்.

அவள் முதல் கவளத்தை வாயில் வைத்ததைப் பார்த்தபோது அவருக்கு அழுகை வந்தது. சோற்றுக்காகவா அவளுக்காகவா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடிந்திருக்காது. இத்தனை நாளும் அரிசிக்கு ஏங்குகிறோம் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த அமாவாசைக்குப் பிடியரிசியை அவரே கொண்டுபோனார். கத்தரிப்பூக் கரை கட்டிய பை கைக்கு அடக்கமாக இருந்தது. அம்மை அதை வாங்கி உள்ளங்கையில் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு முறத்தில் கொட்டினார்.

"எப்படி இருக்கீங்கண்ணா?"

"இருக்கறேனுங்க. நான் இன்னும் அரிசி தொடலை. அதே முட்டை, அதே நெய்தான். டாக்டர் திரும்ப ரத்தம் எடுத்துட்டு, வெண்ணெயைக் கொறைக்கச் சொல்லியிருக்கார். உங்க அக்கா நல்லாச் சாப்பிடறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உக்கார்றோம்."

"ஏக்கம்?"

"இருக்குதுங்க. அது பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்திருக்குது."

அம்மை தலையாட்டிவிட்டு முறத்தைப் புடைக்கத் தொடங்கினார். சென்னியப்பன் நகரவில்லை.

"அம்மை, போன தடவை நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே. நான் சாப்பிடற இந்தச் சாப்பாடு நல்லதா, கெட்டதா?"

அம்மை புடைப்பதை நிறுத்தினார்.

"எந்தச் சாப்பாட்டைக் கேக்கறீங்கண்ணா? போன அமாவாசை வரைக்கும் சாப்பிட்டதையா, அதுக்கப்புறம் சாப்பிட்டதையா?"

ரெண்டும் ஒரே முட்டைதானுங்களே என்று சொல்ல வாயைத் திறந்தார் சென்னியப்பன். தன் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த வசந்தாமணியின் தட்டு நினைவுக்கு வந்ததும், அடுத்த பையை எடுத்து நீட்டினார்.