தொப்பூர் மேட்டில் நின்ற லாரி

சங்ககிரியில் பத்துச் சக்கர லாரி ஒன்றுக்கு இரண்டு முதலாளிகள். ஒருவன் நாச்சிமுத்து, இன்னொருவன் அவன் மச்சான் கருப்பணன். ஆளுக்கொரு நடை என்று மாற்றி மாற்றி ஓட்டினார்கள். முகம் கொடுத்துப் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒருவன் உட்கார்ந்துவிட்டுப் போன சீட்டை மற்றவன் துண்டால் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவான்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் சந்தாமணி. நாச்சிமுத்துவுக்கு மனைவி, கருப்பணனுக்குத் தங்கை. இவன் சொல்வதை அவனிடமும், அவன் திட்டுவதை இவனிடமும் சேர்ப்பதே அவள் பிழைப்பாகிவிட்டது. இருவரில் யார் மேல் அவளுக்குப் பாசம் அதிகம் என்று ஊரார் கேட்பதுண்டு. அந்த ஆவணியில் கேட்டிருந்தால், இரண்டு பேரையும் கண்டாலே எரிகிறது என்றுதான் சொல்லியிருப்பாள்.

வண்டிக்கு ஆயில் மாற்றும் நாள் வந்தது. நாச்சிமுத்து கெட்டி ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்றான்.

"எஞ்சினுக்கு வயசாயிப் போச்சு. தண்ணி மாதிரி ஆயில ஊத்துனா தாங்குமா? உங்கண்ணனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்."

கருப்பணன், வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த நம்பர் போட்டிருக்கிறதோ அந்த ஆயில்தான் என்றான். ஃபில்டரிலும் அதே கதை. ஒருவன் கம்பெனி ஃபில்டர் என்றால் மற்றவன் கடைவீதி ஃபில்டர் என்றான். நாலு நாள் வண்டி நகரவில்லை. பெங்களூர் லோடு காத்துக் கிடந்தது.

ஐந்தாம் நாள் சந்தாமணி ஒரு வழி சொன்னாள். ஆயில் நாச்சிமுத்து இஷ்டம், ஃபில்டர் கருப்பணன் இஷ்டம். பழைய ஆயிலை வடித்துப் பழைய ஃபில்டரைக் கழற்றுவது நாச்சிமுத்து. புது ஃபில்டரை மாட்டுவது கருப்பணன். எதிரெதிரே நிற்க வேண்டாம், ஒருவன் போன பிறகு மற்றவன் வரட்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

விடிந்ததும் நாச்சிமுத்து வண்டிக்கு அடியில் படுத்து வேலையை முடித்தான். பழைய ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அண்ணாந்து எஞ்சினைப் பார்த்தான். காபியோடு வந்த சந்தாமணி, "என்னங்க பாக்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. உங்கண்ணன வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

கருப்பணன் வந்தான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவினான், பதமாகத் திருகி மாட்டினான். ஆனால் மாட்டும் முன் எஞ்சினில் அது உட்காரும் இடத்தைத் துடைக்கவில்லை. சந்தாமணி பழந்துணியை நீட்டினாள்.

"அவன் கை வெச்ச எடத்தத் தொடைக்க நானென்ன அவனுக்குக் கிளீனரா?" என்றான். துணி அவள் கையிலேயே இருந்தது.

மத்தியானம் நாச்சிமுத்து ஆயில் ஊற்றிக் கிளப்பினான். பத்து வருடமாக எந்த நடைக்கும் கொண்டுபோகாத ஒன்றை, ஐந்து லிட்டர் ஆயில் கேனை, அன்றைக்குக் கேபினில் ஏற்றிக்கொண்டான். போகிற வழியில் இரண்டு இடத்தில் இறங்கி அடியில் குனிந்து பார்த்தானாம். தொப்பூர் மேடு ஏறும்போது ஆயில் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் ஆயில் மொத்தமும் ரோட்டில் ஓடி, எஞ்சின் ஜாம் ஆகி நின்றது. கேன் திறக்காமலே கிடந்தது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஃபில்டர்தான் வண்டியைக் கெடுத்தது என்று நாச்சிமுத்துவும், கெட்டி ஆயில்தான் கெடுத்தது என்று கருப்பணனும் பட்டறையே அதிரக் கத்தினார்கள். மூன்று வருடத்தில் அன்றுதான் நேருக்கு நேர் பேசினார்கள். யார் மேல் தப்போ அவன் இனி இந்த வண்டியில் கால் வைக்கக் கூடாது என்று முடிவாகி, ஆளுக்கொரு சாவியைச் சந்தாமணி மடியில் போட்டார்கள். வேறு யாரையும் இருவரும் நம்பவில்லை.

மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் வளையங்கள் இருந்தன. பழைய ஃபில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியது ஏறியிருந்தது. மேடேறும் அழுத்தத்தில் பிதுங்கிவிட்டது.

"ஆயிலும் நல்லாத்தான் இருக்குது, பில்டரும் நல்லாத்தான் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துகொண்டார்.

கழற்றியவன் வளையத்தை விட்டுவிட்டான். மாட்டியவன் இடத்தைத் துடைக்கவில்லை. வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தவள் சந்தாமணி. மூவரில் யார் குற்றம் பெரியது? அவள் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும்? விடை தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது பார்த்தீர்கள். ஆகவே தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.

விடை: பிரித்துக் கொடுத்தது சண்டையை ஆற்றத்தான், அது குற்றமில்லை. கருப்பணன் செய்தது வீம்பு. ஆனால் அங்கே வளையம் இருப்பது அவனுக்குத் தெரியாது. நாச்சிமுத்துவுக்குத் தெரியும்; பழைய ஃபில்டரின் வாயில் வளையம் இல்லாததைப் பார்த்தவன் அவன். அதற்குச் சாட்சி அந்த ஆயில் கேன். வழியில் ஒழுகும், மச்சானின் பேர் சந்தி சிரிக்கும், கேனிலிருந்து ஊற்றிக்கொண்டே போய்விடலாம் என்று கணக்குப் போட்டவன் அவன்தான். "பத்து வருசமா எடுக்காத கேனை அன்னைக்கு எதுக்குங்க எடுத்தீங்க?" என்று சந்தாமணி கேட்டபோது, "கொஞ்சந்தான் ஒழுகும்னு நெனச்சேன்" என்றான் அவன். கட்டிய புருஷன்தான். ஆனாலும் சாவியை எடுத்து அண்ணன் பக்கம் நீட்டினாள். கருப்பணன் சிரித்துக்கொண்டே கை நீட்டினான். அவள் சாவியைப் பின்னுக்கு இழுத்து, அன்றைய பழந்துணியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "மொதல்ல கையத் தொடைங்க அண்ணா" என்றாள்.