காற்றோட்டமுள்ள மாத்திரை

உயிருள்ள எதை அடைத்தாலும் ஓட்டை போடு என்று இந்த இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்த மகராசன் எவனோ, அவன் தலையில்தான் இந்தப் பாவம் முழுக்க!

நாமக்கல் அத்தப்பன் சைக்கிளில் முட்டை விற்று, கத்திக் கத்தியே பேரம் பேசி, வேன் வாங்கிய ஆள். அந்த வேனையும் விற்று மாத்திரை அடிக்கும் மெஷின் போட்டார். வயிற்றுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாக்களை உயிரோடு அடைத்த மாத்திரை. வேலைக்குச் சேர்ந்தவர்கள் பொங்கியண்ணனும் வையாபுரியும். அதுவரை ஹேச்சரியில் கோழிக்குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பியவர்கள்.

"உள்ளே இருக்கிறது அத்தனையும் உயிருடா! டப்பாவுல மாசக்கணக்கா கிடந்தாலும் சாகக் கூடாது. இரைப்பை அமிலத்தையும் தாண்டிக் குடலுக்கு உயிரோட போகணும். அதுக்குத்தான் மேல்பூச்சு. நாளைக்குச் சேலத்து வியாபாரி தனகோட்டி வர்றார். ஆர்டர் தரலேன்னா நான் மறுபடி சைக்கிள்தான்!" என்று கத்திவிட்டுப் போனார் அத்தப்பன்.

பொங்கியண்ணன் ஒரு மாத்திரையைக் காதில் வைத்துப் பார்த்தான்.

"சத்தமே இல்லியேப்பா."

"எப்படி வரும்? மூச்சு முட்டுது பாவம். குஞ்சுப் பெட்டிக்கே ஓட்டை போடுறோம். இதுல கோடிக்கணக்குல இருக்குதாம்!"

"அப்ப ஒரு சன்னல் பத்தாது."

இருவரும் தையல் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மறுநாள் தனகோட்டி ஒரு மாத்திரையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

"என்னய்யா இது, பாசிமணியா? அமிலம் உள்ளே போயிடாது?"

"போனா என்னங்க? இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளியே போயிடுமுங்க" என்றான் பொங்கியண்ணன் பணிவாக.

அத்தப்பனுக்கு உச்சந்தலை கொதித்தது. "அட கூறு கெட்டவனுங்களா!" என்று பாய்ந்தவர், வியாபாரி செருப்பு மாட்டுவதைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "அண்ணா, உக்காருங்க. மேசைக்குள்ள ஊசி படாத டப்பா ஒண்ணு பூட்டி வெச்சிருக்கேன். அதைப் பாத்துட்டுப் பேசுங்க."

தனகோட்டி மசிந்தார். "சரி. செஞ்சவனே ஒண்ணு முழுங்கட்டும். வயித்துக்கு ஒத்துக்குதுன்னு அவன் வாயாலயே சொல்லிட்டா, இப்பவே ஆர்டர்."

வையாபுரி முழுங்கினான். வாயை அகலத் திறந்தான். திறந்தவன் திறந்தவன்தான்.

"எப்படிடா இருக்கு? சொல்லு!"

"ஆ."

"ஆமாங்கிறானா, ஆகாதுங்கிறானா?" என்றார் தனகோட்டி.

"இப்பப் பேச முடியாதுங்க. அந்த மாத்திரையில ஓட்டை இல்லீல்ல? இவன் வாயை மூடுனா, உள்ளே இருக்கிறவங்க காத்தில்லாமப் போய்ச் சேந்துருவாங்க" என்றான் பொங்கியண்ணன்.

அத்தப்பன் கெஞ்சினார், மிரட்டினார், தாடையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். அத்தனை உயிருக்கும் பொறுப்பாளியான வையாபுரி கண்ணில் நீர் வழிய நின்றானே தவிர, உதட்டோடு உதடு சேர்க்கவில்லை. ஓர் ஈ வேறு உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. தனகோட்டி பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறார்.

அடேய், ஓட்டை போடச் சொல்லிக்கொடுத்த மகராசா! எந்த ஊரில் இருந்தாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வா. அந்தப் பேனா சட்டைப் பைக்குள் போவதற்குள் இவன் வாயை நீயே மூடிக்கொடுத்துவிட்டுப் போ!